தூரத்திலிருந்து வரும் புதிய கைவினை பியர்: மட்டக்களப்பு, அம்பாறை வெப்பத்தில் தெரிவுசெய்வதற்கும் காப்பதற்கும் சுவைப்பதற்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ விடுமுறைக்கு வருகின்ற உறவினரின் பெட்டியிலும், பாசிக்குடாவுக்கும் அறுகம் குடாவுக்கும் வந்து போகும் வெளிநாட்டவரின் பைகளிலும், சிறு சுயாதீன ஆலைகள் புதிதாக வெளியிட்ட பியர் ரின்கள் இப்போது அடிக்கடி கிழக்கிலங்கைக்கு வந்து சேர்கின்றன. அவற்றைத் திறந்து குடித்தவர்களுள் பலர், "இதற்கா இவ்வளவு விலை?" என்று கேட்டுவிட்டு, கடையில் வாங்கும் லாகருக்கே திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் அப்படிச் சொல்வதில் தவறில்லை. ஆனால் அவர்கள் குடித்தது பெரும்பாலும் ஆலையிலிருந்து புறப்பட்ட பியர் அன்று. கட்டுநாயக்கவிலிருந்து மட்டக்களப்பு வரையிலான வான் வண்டிப் பயணமும், சமையலறை அலமாரியில் கழிந்த சில வாரங்களும், மே முதல் செப்தெம்பர் வரை வீசும் கச்சான் காற்றின் வெக்கையும் சேர்ந்து மாற்றிவிட்ட வேறொரு பானத்தையே அவர்கள் சுவைத்திருக்கிறார்கள். ஆகவே எம் பிரதேசத்தில் ஒரு புதிய பியரைப் பற்றிக் கருத்துச் சொல்ல விரும்புபவர், ஆலையின் குறையையும் பயணத்தின் குறையையும் பிரித்தறியப் பழக வேண்டும். பின்வரும் படிகள் அனைத்தும் அதற்காகவே எழுதப்பட்டவை.

சட்டத்தைப் பற்றி முதலிலேயே சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இலங்கையில் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மதுபானம் விற்பதை 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் தடை செய்கிறது. மதுபான விளம்பரங்களையும் அதே சட்டம் தடுக்கிறது. ஆகையால் விடுதி நடத்துபவர்கள் புதிய பியர் வந்திருப்பதாக வாசலில் பலகை வைக்க முடியாது. மதுவரித் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் இன்றி விற்பதும், வீட்டில் பியர் காய்ச்சுவதும் குற்றம். போயா தினங்களில் விற்பனை நிலையங்கள் மூடப்பட்டிருக்கும். விருந்தினர் தாம் கொண்டுவந்த போத்தலைத் தாமே குடிப்பதற்கும், விடுதிக்காரர் அதை வாங்கி வைத்து வேறொருவருக்கு விற்பதற்கும் இடையிலான வேறுபாடு மிகப் பெரியது. அறுகம் குடாவில் சிலர் இதைச் சிறிய விடயமாக எடுத்துக்கொள்வது எனக்குச் சரியாகத் தோன்றவில்லை.

படி 1: யார் தயாரித்தது என்று பார்த்தல்

"கைவினை" என்ற சொல்லை எவரும் லேபலில் அச்சிடலாம். அமெரிக்காவில் பியர் ஆலைகளின் சங்கம் ஒன்று இதற்கு வரையறை வைத்திருக்கிறது: ஆண்டு உற்பத்தி 60 இலட்சம் பீப்பாய்களுக்கு மேற்படக் கூடாது, ஆலையின் உடைமையில் 25 சதவீதமோ அதற்கு மேலோ கைவினை ஆலையல்லாத மதுபான நிறுவனத்தின் கையில் இருக்கக் கூடாது. ஓர் அமெரிக்கப் பீப்பாய் சுமார் 117 லீற்றர் என்பதால், அந்த மேல் வரம்பு ஏறத்தாழ 70 கோடி லீற்றராகிறது. எம் கண்ணுக்கு இது "சிறிய" ஆலை என்று சொல்லத்தக்க அளவே அன்று. எனவே அந்த வரையறையில் கவனிக்க வேண்டியது உடைமை பற்றிய பகுதி மட்டுமே என்பது என் கருத்து. 2017 முதல் அச்சங்கம், தலைகீழாகக் கவிழ்த்த போத்தலின் உருவம் கொண்ட ஒரு முத்திரையைச் சுயாதீன ஆலைகளுக்கு வழங்கி வருகிறது. அமெரிக்க ரின்னில் அந்த முத்திரை இருந்தால் இக்கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

முத்திரை இல்லாதபோது உடைமையைத் தேடிப் பார்க்க வேண்டும். சிக்காகோவின் கூஸ் ஐலண்ட் ஆலை 2011 இல் பெருநிறுவனம் ஒன்றின் கைக்குப் போயிற்று. கலிபோர்னியாவின் லகுனிடாஸ் 2015 இல் பாதியும் 2017 இல் முழுவதுமாக ஹைனெக்கன் நிறுவனத்துக்குச் சொந்தமாயிற்று. லண்டனின் கெம்டன் டவுன் ஆலையும் 2015 இல் விற்கப்பட்டது. இவற்றின் பியர் மோசம் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் பெருநிறுவனம் ஒன்றின் பியர் வெப்பமூட்டிப் பதப்படுத்தப்பட்டும் நீண்ட தூர விநியோகத்துக்கென வடிவமைக்கப்பட்டும் வருவதற்கான வாய்ப்புக் கூடுதல். சிறு ஆலையின் பியரோ பெரும்பாலும் வடிகட்டப்படாமலும் வெப்பமூட்டப்படாமலும், அந்த ஆலையைச் சுற்றியுள்ள சில நூறு கிலோமீற்றருக்குள் சில வாரங்களில் குடித்து முடிக்கப்படும் என்ற நம்பிக்கையில் வெளிவருகிறது. அந்த நம்பிக்கையை மீறித்தான் அது வாழைச்சேனைக்கும் பொத்துவிலுக்கும் வருகிறது.

புதிய வெளியீடுகளிலும் வகைகள் உண்டு. ஆண்டு முழுவதும் தயாரிக்கப் போகும் பியரின் முதல் தொகுதி ஒன்று. ஒவ்வோர் ஆண்டும் குறித்த பருவத்தில் மட்டும் வருவது இன்னொன்று. இரண்டு ஆலைகள் சேர்ந்து ஒரே முறை காய்ச்சும் கூட்டுத் தயாரிப்பு மற்றொன்று. ஒரே முறை வந்து போகும் பியரை ஆலைக்காரரே இரண்டாம் முறை திருத்திக் காய்ச்சுவதில்லை; அது சோதனை முயற்சி. அதை வாங்குபவர் அந்த மனநிலையோடு வாங்க வேண்டும்.

படி 2: திகதியைக் கண்டுபிடித்தல்

லேபலில் முதலில் தேட வேண்டியது படமும் பெயரும் அன்று, திகதி. அது பெரும்பாலும் ரின்னின் அடிப்பாகத்தில், கண்ணுக்கு எளிதில் படாத சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அது அடைத்த திகதியா, "இதற்கு முன் பயன்படுத்துக" என்னும் திகதியா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். அமெரிக்க ஆலைகள் பல அடைத்த திகதியை அச்சிடுகின்றன. பிரித்தானிய, ஐரோப்பிய ஆலைகள் பொதுவாக இறுதித் திகதியை அச்சிடுகின்றன. மேலும் 04/07 என்று இருந்தால் அமெரிக்க ரின்னில் அது ஏப்ரல் 7, பிரித்தானிய ரின்னில் யூலை 4. சில ஆலைகள் ஆண்டின் எத்தனையாவது நாள் என்ற மூன்று இலக்கத்தையே தருகின்றன. 045 என்றால் பெப்ரவரி 14.

இறுதித் திகதியை மட்டும் நம்பிவிடக் கூடாது. அது ஆலைக்காரர் எதிர்பார்த்த குளிரான களஞ்சியத்தை வைத்துக் கணித்த திகதி. ஒன்பது மாதம் தாங்கும் என்று அச்சிடப்பட்ட, ஹொப்ஸ் (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஒரு கொடியின் பூ) மிகுந்த பியர் ஒன்று எம் வீட்டு அலமாரியில் அத்தனை காலம் தாங்காது.

திகதிக்கு அடுத்ததாக மதுசார அளவு. எம் நாட்டில் பழகிய லாகர் 5 சதவீதத்துக்கு அருகில் இருக்கிறது. புதிய வெளியீடுகளில் 8, 10, 12 சதவீதமும் சாதாரணம். 440 மில்லிலீற்றர் ரின் ஒன்றில் 10 சதவீத மதுசாரம் இருந்தால், அது பழகிய சிறு லாகர் போத்தல்கள் இரண்டரைக்கு மேற்பட்டதற்குச் சமம். அதை ஒருவரே ஒரே அமர்வில் குடிப்பதற்கென்று எண்ணக் கூடாது. மூன்று நான்கு பேர் பகிர்ந்து சுவைப்பதே முறை. குடித்தபின் மோட்டார் சைக்கிளைத் தொடக் கூடாது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கல்லடிப் பாலத்துக்கு அப்பால் வீடு அருகில்தானே என்ற வாதம் இங்கே செல்லாது.

கசப்பு அலகு என்று ஓர் எண்ணும் சில லேபல்களில் இருக்கும். அதற்கு அதிக மதிப்புக் கொடுக்க வேண்டியதில்லை. மோல்ட் (முளைக்கவைத்து உலர்த்திய பார்லி) இனிப்பு மிகுந்த ஸ்டவுட் என்னும் கரிய பியர் ஒன்றில் 50 அலகு மென்மையாகத் தெரியும். மெல்லிய பியரில் 30 அலகே நாக்கைப் பிடிக்கும்.

படி 3: பயணம் தாங்கும் வகையைத் தெரிதல்

வெளிநாட்டிலிருந்து வருபவர், "எதைக் கொண்டு வரட்டும்?" என்று கேட்டால் பெரும்பாலானோர், இப்போது அங்கே எது பெயர்பெற்றிருக்கிறதோ அதையே கேட்கிறார்கள். அது பெரும்பாலும் மங்கலான மஞ்சள் நிறத்தில் பழச்சாறு போன்று தோன்றும், ஹொப்ஸ் மிகுந்த ஐபிஏ என்னும் வகையாக இருக்கும். எம் பிரதேசத்துக்கு அதைவிடப் பொருந்தாத வகையைச் சொல்வது கடினம். அதன் மணம் பெரும்பாலும் காய்ச்சி முடித்தபின் குளிர்ந்த பியரில் ஊறவைத்த ஹொப்ஸிலிருந்து வருவது. அம்மணப்பொருட்கள் விரைவில் ஆவியாகின்றன, ஒட்சிசனோடு சேர்ந்து சிதைகின்றன. ஓட்ஸும் கோதுமையும் சேர்வதால் அந்தப் பியரும் ஒட்சிசனுக்கு இலகுவில் இரையாகிறது. பழுதடைந்தபோது மஞ்சள் நிறம் மங்கிப் பழுப்பும் சாம்பலும் கலந்ததாக மாறும். மாம்பழ மணம் போய், இனிப்பான, மந்தமான ஏதோ ஒன்று எஞ்சும்.

அதைவிட ஆபத்தானது பழக்கூழ் நிறைத்த புளிப்பு பியர். சில ஆலைகள், நொதித்தல் முடிந்தபின் பழக்கூழை ஊற்றி, வெப்பமூட்டாமலேயே அடைக்கின்றன. ரின்னுள் உயிருள்ள ஈஸ்ட் இருந்தால், வெப்பம் கிடைத்தவுடன் அது அந்தப் பழச் சர்க்கரையை உண்டு வாயுவை வெளியிடும். அழுத்தம் கூடி ரின் வீங்கும், சில வேளை வெடிக்கும். "எப்போதும் குளிரில் வைக்கவும்" என்று ரின்னில் அச்சிடப்பட்டிருப்பது சுவைக்காக மட்டும் அன்று. அத்தகையதைக் கிழக்கிலங்கைக்குக் கொண்டுவரவே வேண்டாம். வீங்கிய ரின் கையில் கிடைத்தால் முகத்துக்கு அருகில் பிடித்துத் திறக்காமல், துணியால் மூடி வெளியில் கொண்டுபோக வேண்டும்.

தாங்கக்கூடியவை எவை? மதுசாரம் கூடிய, கருமையான ஸ்டவுட். பார்லி வைன் எனப்படும் செறிந்த ஏல் (லாகரைவிடச் சற்றுக் கூடிய வெப்பநிலையில் நொதிக்கவைக்கும் பியர் வகை). போத்தலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கும் பெல்ஜிய வலுவான ஏல். இயற்கை ஈஸ்டால் புளித்து மரப்பீப்பாயில் முதிர்ந்த பெல்ஜியப் புளிப்பு பியர். இவற்றில் மணத்தின் ஆதாரம் ஹொப்ஸ் அன்று. மோல்ட், ஈஸ்ட், அமிலம், மதுசாரம் ஆகியவையே. சிறிதளவு ஒட்சிசன் இவற்றில் உலர்ந்த பேரீச்சை, திராட்சை வற்றல் போன்ற மணத்தை உண்டாக்கி நன்மையே செய்யக்கூடும். இவையும் வெப்பத்தை விரும்புவதில்லை, மன்னிக்கின்றன, அவ்வளவே.

இவ்விரு முனைகளுக்கும் இடையில், எம் நாவுக்குப் பொருத்தமான இரண்டு வகைகள் உண்டு. பெல்ஜியத்தின் ஹூகார்டன் என்ற ஊரில் 1960களில் பியேர் செலிஸ் என்பவர் மீட்டெடுத்த வெள்ளைக் கோதுமை பியரில் கொத்தமல்லி விதையும் தோடைத் தோலும் சேர்கின்றன. ஜேர்மனியின் லைப்சிக் நகரோடு தொடர்புடைய கோசே என்ற புளிப்பு பியரில் கொத்தமல்லியோடு உப்பும் சேர்கிறது. கொத்தமல்லியும் உப்பும் புளியும் எமக்கு அந்நியமானவை அல்ல என்பதால், கைவினை பியரை முதன்முதலாகச் சுவைப்பவருக்கு நான் இவற்றையே முன்வைப்பேன்.

படி 4: கொண்டுவருதல்

விமானத்தில் கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட திரவம் பல விமான நிலையங்களில் அனுமதிக்கப்படாததால் பியர் பெரிய பெட்டியில்தான் வர வேண்டும். 24 சதவீதத்துக்கு மேற்படாத மதுசாரம் கொண்ட பானங்களுக்கு விமானப் பாதுகாப்பு விதிகளில் அளவு வரம்பு இல்லை. ஆனால் சுங்கத்தின் வரம்பு வேறானது, அதைப் புறப்படும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும். சரக்கறையும் அழுத்தம் பேணப்படும் இடமாதலால் நல்ல ரின் பறக்கும்போது வெடிப்பதில்லை. போத்தலைவிட ரின் மேலானது: எடை குறைவு, உடைவதில்லை, ஒளி புகுவதில்லை. ஒவ்வொன்றையும் பொலித்தீன் பையில் கட்டி, உடுப்புகளுக்கு நடுவில் வைத்தால் போதும்.

உண்மையான சேதம் விமான நிலையத்துக்கு வெளியில் தொடங்குகிறது. ஹபரணை, பொலன்னறுவை வழியாக வரும் வானின் கூரையில் பெட்டியைக் கட்டுவது, சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது வெயிலில் விட்டுச் செல்வது, அம்பாறைக்கோ அக்கரைப்பற்றுக்கோ போகும் வழியில் உறவினர் வீடுகளில் இரண்டு நாள் தங்குவது ஆகியவை எல்லாம் சேர்ந்து பியருக்குச் செய்வதை அத்தனை மைல் விமானப் பயணம் செய்வதில்லை. மூடிய வான் வெயிலில் நிற்கும்போது உள்வெப்பம் 50 பாகை செல்சியசைத் தாண்டக்கூடும். இயலுமானால் பியரை மட்டும் பெட்டியிலிருந்து எடுத்து, மீன் கொண்டுபோகும் றெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டுக் குளிரூட்டிய இருக்கைப் பகுதியில் வைக்கலாம். இரவு ரயிலில் வருபவர் இதில் அதிர்ஷ்டசாலி.

படி 5: காத்தல்

பியர் ஆலைக்காரர்களிடையே 3, 30, 300 என்று ஒரு கைக்கணக்கு உண்டு. ஏறத்தாழ 32 பாகையில் 3 நாள், 22 பாகையில் 30 நாள், 3 பாகையில் 300 நாள் ஆகிய மூன்றும் ஒரு பியரை ஒரே அளவு முதுமைப்படுத்துகின்றன என்பதே அதன் பொருள். இது துல்லியமான விதி அன்று. ஆனால் அதன் முதல் எண்ணை மட்டக்களப்பில் இருந்து வாசிக்கும்போது அது தரும் எச்சரிக்கை போதுமானது. 32 பாகை என்பது எமக்கு வருடத்தின் பெரும்பகுதியில் சாதாரண நண்பகல். குளிர் நாட்டில் ஒரு மாதம் கழிந்தாற்போன்ற முதுமையை எம் வீட்டு அலமாரி மூன்றே நாளில் கொடுத்துவிடுகிறது. ஆகவே "பிறகு பிரிட்ஜில் வைப்போம்" என்ற "பிறகு" இங்கே இல்லை. பெட்டியைத் திறந்தவுடன் வைக்க வேண்டும். தயிர்ச்சட்டியை எங்கே வைப்போம் என்று யோசிப்பவர், பியரையும் அங்கேயே வைத்தால் போதும்.

இந்த முதுமைக்குக் காரணம் பெரும்பாலும் ஒட்சிசன். ரின்னை அடைக்கும்போது உள்ளே சிக்கும் மிகச் சிறிய அளவு ஒட்சிசனைக் கூடக் குறைக்க ஆலைகள் பெரும் செலவு செய்கின்றன; சிறு ஆலைகளின் அடைக்கும் இயந்திரங்கள் எல்லாம் அந்த அளவுக்குத் திறமையானவை அல்ல. எஞ்சிய ஒட்சிசன் மெதுவாகவும், வெப்பத்தில் விரைவாகவும் வேலை செய்து, நனைந்த கடதாசி மட்டையின் மணத்தைத் தருகிற பொருட்களை உண்டாக்குகிறது. அவற்றுள் நன்கு அறியப்பட்டது ட்ரான்ஸ்-2-நொனெனல் என்ற அல்டிகைட்டு.

ஒளியால் வரும் பழுது வேறு. ஹொப்ஸின் கசப்புப் பொருட்கள், பியரில் இயல்பாக இருக்கும் ரைபோபிளேவின் என்ற உயிர்ச்சத்தின் துணையோடு ஒளியில் சிதைந்து, கந்தகம் சேர்ந்த ஒரு பொருளாக மாறுகின்றன. வட அமெரிக்கர் அதை ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றத்தோடு ஒப்பிடுவர். அந்த விலங்கை அறியாத எமக்கு, எரிந்த இறப்பரும் கெட்டுப்போன கோப்பியும் கலந்த மணம் என்று சொன்னால் ஓரளவு விளங்கும். பச்சைப் போத்தலும் தெளிந்த போத்தலும் இந்த ஒளியைத் தடுப்பதில்லை. பழுப்புப் போத்தல் பெருமளவு தடுக்கிறது. நேர் வெயிலில் இது நிகழச் சில நிமிடங்களே போதும். பாசிக்குடாக் கடற்கரையில் தெளிந்த போத்தலோடு அமர்ந்திருப்பவர், முதல் வாய்க்கும் கடைசி வாய்க்கும் இடையில் இந்த மாற்றத்தைத் தாமே கண்டறியலாம்.

போத்தல்களைக் கிடையாக அன்றி நிமிர்த்தியே வைக்க வேண்டும். அடியில் படியும் ஈஸ்ட் அங்கேயே தங்கும். பிரிட்ஜின் கதவுத் தட்டைத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் வீட்டில் ஒவ்வொருவரும் தண்ணீர் எடுக்கத் திறக்கும்போதெல்லாம் அங்கே வெப்பநிலை ஏறி இறங்குகிறது. மின்வெட்டின்போது கதவைத் திறக்காமல் விட்டால் சில மணி நேரம் குளிர் நிற்கும். உறைபெட்டிக்குள் வைத்து மறந்துவிடுவது பெரும் பிழை. 5 சதவீத பியர் பூச்சியத்துக்குக் கீழ் 2 அல்லது 3 பாகையிலேயே உறையத் தொடங்கிப் போத்தலை வெடிக்கச் செய்யும். அவசரமாகக் குளிரூட்ட வேண்டுமானால், வாளியில் ஐஸும் தண்ணீரும் கைப்பிடி உப்பும் போட்டு அதற்குள் அமிழ்த்துவதே விரைவான வழி. கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

படி 6: குவளையும் ஊற்றுதலும்

ரின்னிலிருந்து நேரே குடித்தால் மணத்தில் பெரும்பகுதி மூக்குக்கு எட்டாது. விலையுயர்ந்த குவளை தேவையில்லை. வாய் சற்றுக் குறுகிய கண்ணாடிக் குவளை எதுவும் போதும். தேவைப்படுவது சுத்தம். பொரித்த மீனின் எண்ணெயும் தேங்காய்ப்பாலின் கொழுப்பும் கண்ணாடியில் மெல்லிய படலமாக ஒட்டியிருந்தால் நுரை நிற்காது. கறிச்சட்டி கழுவும் நாரினால் பியர்க் குவளையைக் கழுவக் கூடாது. தனி ஸ்பொஞ்சினால் கழுவி, நன்றாக அலசி, துடைக்காமல் கவிழ்த்து உலரவிட வேண்டும். கழுவிய குவளையில் தண்ணீர் விட்டு ஊற்றிப் பார்த்தால், சுத்தமான கண்ணாடியில் நீர் ஒரே தகடாக வழியும். எண்ணெய் இருந்தால் துளித்துளியாக நிற்கும்.

வெப்பநிலையில் எம் வழக்கம் சற்று முரட்டுத்தனமானது: எல்லாவற்றையும் ஐஸ் போலக் குளிரூட்டுகிறோம், சிலர் குவளையிலேயே ஐஸ்கட்டி போடுகிறார்கள். லாகருக்கு 4 முதல் 7 பாகை சரி. ஐபிஏ வகைக்கு 7 முதல் 10, வலுவான ஸ்டவுட்டுக்கு 10 முதல் 13 என்பது பொதுவான பரிந்துரை. எம் வெக்கையில் இதற்கு வெப்பமானி தேவையில்லை. பிரிட்ஜிலிருந்து எடுத்த ஸ்டவுட்டைப் பத்து நிமிடம் மேசையில் விட்டால் தானே அந்த நிலைக்கு வரும். மறுபுறம், நிறைய ஊற்றினால் பாதி குடிக்குமுன்னே சூடாகிவிடும். ஆகவே 100 மில்லிலீற்றர் அளவில் சிறிது சிறிதாக ஊற்றி, மீதியை மீண்டும் குளிரில் வைப்பதே இங்கே பொருத்தம். குவளையைச் சரித்துப் பிடித்துத் தொடங்கி, இறுதியில் நிமிர்த்தி இரண்டு விரல் அளவு நுரை எழவிட வேண்டும். நுரையை வீண் என்று எண்ணுபவர், மணம் அதிலிருந்துதான் மேலெழுகிறது என்பதைக் கவனிக்கவில்லை.

படி 7: சுவைத்தலும் பழுதைப் பிரித்தறிதலும்

நாவைப் பழக்குவதற்கு இறக்குமதிப் பொருள் தேவையில்லை. நுவரெலியாவில் 1881 இல் தொடங்கிய ஆலையின் வழிவந்து, இன்று பியகமவில் காய்ச்சப்படும் 8.8 சதவீத லயன் ஸ்டவுட், பிரித்தானிய பியர் எழுத்தாளர் மைக்கல் ஜாக்சன் புகழ்ந்ததால் வெளிநாட்டிலும் அறியப்பட்டது. அதில் கோப்பியும் கருஞ்சாக்லேட்டும் வெல்லப்பாகும் தனித்தனியே தெரியும் வரை மணந்து பார்ப்பது நல்ல பயிற்சி. சுயாதீனச் சிறு ஆலையின் பொருள் அன்று என்றாலும், ஒப்பிட்டுப் பார்க்க எல்லாருக்கும் கிடைக்கக்கூடிய ஓர் அளவுகோல் வேண்டுமல்லவா?

மெல்லியதிலிருந்து வலியதற்கும், வெளிர் நிறத்திலிருந்து கருமைக்கும், கசப்புக் குறைந்ததிலிருந்து கூடியதற்கும் போக வேண்டும். வெற்றிலை போட்ட வாயோடும், மிளகாய்ச் சம்பல் சாப்பிட்ட உடனேயும் சுவைக்கக் கூடாது. ஊற்றியவுடன் மணக்க வேண்டும், ஏனெனில் சில மணங்கள் முதல் அரை நிமிடத்திலேயே போய்விடும். பின்னர் சிறிது வாயில் எடுத்து, விழுங்கியபின் மூக்கு வழியாக மூச்சை விட வேண்டும். சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அந்த மூச்சில்தான் தெரிகிறது.

பழுதுபோலத் தோன்றினாலும் பழுதல்லாதவற்றை முதலில் அறிய வேண்டும். ஜேர்மன் கோதுமை பியரில் பழுத்த வாழைப்பழமும் கிராம்பும் மணப்பது அதன் ஈஸ்டின் இயல்பு. நியூசிலாந்தின் நெல்சன் சோவின் போன்ற ஹொப்ஸில் வெள்ளைத் திராட்சையும் கொடித்தோடையும் மணக்கும். அமெரிக்காவில் 1972 இல் வெளியான கஸ்கேட் வகையில் பம்பளிமாசின் தோல் மணக்கும். பண்ணைவீட்டு ஏல் சிலவற்றில் எழும் மிளகுக் காரமும், தோல், வைக்கோல் போன்ற மணமும் வேண்டுமென்றே உண்டாக்கப்பட்டவை. பழைய கள்ளின் மணத்தை அறிந்த முதியவர்கள் இவற்றைக் கண்டு முகம் சுளிப்பதில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன்.

இனிப் பழுதுகள். நனைந்த மட்டை மணம், மங்கிய ஹொப்ஸ், தேன் போன்ற மந்தமான இனிப்பு ஆகியவை தெரிந்தால் வெப்பத்தையும் காலத்தையும் குற்றம் சொல்ல வேண்டும். எரிந்த இறப்பர் மணம் ஒளியால் வந்தது. இவை இரண்டிலும் ஆலைக்குப் பங்கு குறைவு. வெண்ணெய் மணம் வேறு: அது டயசெட்டைல் என்ற பொருள், ஈஸ்ட் தன் வேலையை முடிக்குமுன் அவசரப்பட்டு அடைத்ததாலோ, பாக்டீரியா புகுந்ததாலோ வருவது. பச்சை அப்பிள் மணம் அசெட்டல்டிகைட்டு. முதிராத பியரின் அடையாளம். வெளிர் லாகரில் அவித்த சோளத்தின் மணம் எழுந்தால், காய்ச்சும்போது போதிய நேரம் கொதிக்கவிடவில்லை என்று ஐயுறலாம். புளிப்பு வகையல்லாத பியர் வினாகிரியாகப் புளித்தால் அது தொற்று. இவற்றை வான் வண்டியின் வெக்கை உண்டாக்குவது அரிது. ஆகையால் இங்கே ஆலையைக் குறைகூற உங்களுக்கு உரிமை உண்டு. தொகுதி இலக்கத்தோடு எழுதினால் நல்ல சிறு ஆலைகள் நன்றியுடன் பதில் தருவதும் உண்டு. ஆனால் தொற்றுள்ள பியர் வெப்பத்தில் இன்னும் விரைவாகக் கெடும் என்பதால், எழுதும்போது எத்தனை நாள் குளிரின்றி இருந்தது என்பதையும் மறைக்காமல் குறிப்பிட வேண்டும்.

உணவைப் பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. கசப்பும் மதுசாரமும் மிளகாயின் எரிவைக் கூட்டுவதாகவே தோன்றும். ஆகவே உறைப்பான நண்டுக் கறியோடு ஐபிஏ பொருந்தாது. வெள்ளைக் கோதுமை பியரோ கோசேயோ வாவி இறாலுக்கும் கணவாய்ப் பொரியலுக்கும் பொருந்தும். வறுத்த முந்திரிகைப் பருப்புக்குப் பழுப்பு ஏல்.

படி 8: மூன்று குவளைச் சோதனை

மேலே சொன்னவற்றை நம்பாதவர் தாமே சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. ஆலைகளின் ஆய்வுகூடங்களிலும் இதுவே நடைமுறை. ஒரே தொகுதியைச் சேர்ந்த இரண்டு ரின்களில் ஒன்றைப் பிரிட்ஜிலும் மற்றதைச் சமையலறை அலமாரியிலும் மூன்று வாரம் வைக்க வேண்டும். பழக்கூழ் பியரை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. சோதனைக்கு முதல் நாள் அலமாரி ரின்னையும் பிரிட்ஜில் வைத்து, இரண்டையும் ஒரே குளிருக்குக் கொண்டுவர வேண்டும். சுவைப்பவர் பாராதபடி இன்னொருவர், ஒரே மாதிரியான மூன்று குவளைகளின் அடியில் அடையாளமிட்டு, இரண்டில் ஒரு ரின்னையும் மூன்றாவதில் மற்ற ரின்னையும் ஊற்ற வேண்டும். நிற வேறுபாடு காட்டிக்கொடுக்காதிருக்க விளக்கை மங்கலாக்கலாம், அல்லது குவளையைச் சுற்றிக் கடதாசி ஒட்டலாம்.

சுவைப்பவரிடம் எது நல்லது என்று கேட்கக் கூடாது. எது வேறானது என்று மட்டும் கேட்க வேண்டும். ஊகித்தே சரியாகச் சொல்வதற்கு மூன்றில் ஒரு வாய்ப்பு இருப்பதால், ஒருவர் ஒருமுறை சரியாகச் சொன்னதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. நான்கு பேர் சுவைத்து நால்வரும் சரியாகச் சொன்னால், அது வெறும் ஊகமாக இருப்பதற்கான வாய்ப்பு 81 இல் ஒன்றுதான். அப்போது அலமாரியில் இருந்த ரின் எது என்று சொல்லி, மீண்டும் மணக்கச் சொல்லி, அவர்கள் பயன்படுத்தும் சொற்களை அப்படியே எழுதி வைக்கலாம். அடுத்த முறை உறவினர் ஒருவர் எந்தப் பியரைக் கொண்டு வரட்டும் என்று கேட்கும்போது அந்தத் தாளைப் பார்த்தே பதில் சொல்லலாம். நால்வரும் தடுமாறினால், அந்த வகை எம் வெக்கையை அந்த மூன்று வாரமும் தாங்கியிருக்கிறது. அதன் பெயரையும் அடைத்த திகதியையும் குறித்துவைத்து, அடுத்த முறையும் அதையே கேட்கலாம்.